லேகியக்காரன் அச்சடித்த அத்தையின் படம்

பழைய விளம்பரங்களைக் கண்டால் "எவ்வளவு வெள்ளந்தியான காலம்!" என்று உருகுகிறவர்கள் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மஞ்சளாகிப்போன நோட்டீஸ் ஒன்றின் படத்தை யாராவது வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டால் அன்று முழுக்க இதயங்களாக வந்து விழும். நான் எதுவும் போடுவதில்லை. அப்படிப்பட்ட நோட்டீஸ் ஒன்று எங்கள் அத்தையை என்ன பாடு படுத்தியது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. சென்னீர்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்போது நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கமும் வயல்தான். அம்மாவும் அத்தையும் நடவுக்கும் களையெடுக்கவும் ஒன்றாகப் போவார்கள். மாமாவுக்கு மண்ணூர்பேட்டைப் பக்கம் தொழிற்பேட்டை எஸ்டேட்டில், போல்ட் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. எங்கள் சொந்தத்தில் சேற்றை விட்டு மெஷினுக்குப் போன முதல் ஆள் அவர்தான். கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் அத்தைக்குக் குழந்தை இல்லை. நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெகு காலம் கழித்துப் பிறந்த தம்பி கைக்குழந்தை.

அந்த நாளில் கடைக்காரர்கள் எங்களைத் தேடி வந்துதான் விளம்பரம் செய்தார்கள். பூந்தமல்லி பஜாரிலிருந்து குதிரை வண்டி கிளம்பும். இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மேலே குழாய் ஒலிபெருக்கி வைத்து, உள்ளே ஒருவர் உட்கார்ந்து கத்திக்கொண்டே வருவார். "விவசாயப் பெருமக்களே!" என்றால் உரக்கடை, அல்லது பம்புசெட்டு. "தாய்மார்களே!" என்றால் ஜவுளிக்கடை. வண்டி நின்ற இடத்தில் ரோஸ் கலரிலும் பச்சைக் கலரிலும் நோட்டீஸ் பறக்கும். நாற்று நட்டுக்கொண்டிருந்த என் அம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "பெருமக்களேனு அவன் கூப்புடறது வரப்புல குட பிடிச்சிகினு நிக்கிறவர. நம்மள இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். சரியாகத்தான் சொன்னாள். வயலில் இறங்கி வேலை செய்தவர்களை அந்த ஒலிபெருக்கி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எங்களை ஒரே ஒருவன்தான் விடாமல் கூப்பிட்டான். அவன் லேகியக்காரன்.

பஜாரில் மாடி அறை ஒன்றில் வைத்தியசாலை என்று போர்டு மாட்டியிருந்தான். எல்லாரும் அவனை வைத்தியர் ஐயா என்பார்கள். எனக்கு இத்தனை வயதாகியும் அவனுக்கு மரியாதை விகுதி போடக் கை வரவில்லை, போடாமலே எழுதுகிறேன்.

தம்பிக்குத் திருவேற்காடு கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். திரும்பி வரும்போது பூந்தமல்லியில் இறங்கி ஸ்டூடியோவுக்குப் போனோம். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை படம் எடுத்துக்கொண்டதில்லை. அம்மா மடியில் உட்கார வைத்தால் தம்பி வீறிட்டான். குத்திய காது வலித்திருக்கும். அத்தை வாங்கி மடியில் வைத்துத் தொடையைத் தட்டிக் கொடுத்ததும் அடங்கிவிட்டான்.

"அந்தம்மா மடியிலயே இருக்கட்டும். நல்லா வருது" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அப்படியே எடுத்தார். அத்தை லேசாகச் சிரித்துக்கொண்டு, மொட்டைத் தலையில் சந்தனம் காயாத தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. படம் அவ்வளவு நன்றாக இருந்ததால் ஸ்டூடியோக்காரர் பெரிதாக இன்னொரு பிரதி கழுவித் தன் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. பஜாருக்குப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு வருவோம்.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். வண்டி நோட்டீஸ் வீசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனது. காலடியில் விழுந்ததை எடுத்தேன். அதில் அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். மடியில் தம்பி. கீழே கொட்டை எழுத்தில்: "பல்லாண்டு காலம் புத்திர பாக்கியமின்றி வாடிய இந்தச் சகோதரி, நமது லேகியத்தை ஒரு மண்டலம் உண்டு, இதோ தங்கம் போன்ற ஆண் குழந்தையுடன்!"

அதை மடித்துப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தேன். ஒளித்து என்ன பயன்? தெரு பூராவும் அதே நோட்டீஸ் கிடந்தது. மாட்டுக் கொட்டகையில், டீக்கடை பெஞ்சில், குழாயடியில். மறுநாள் மண்டியிலிருந்து வாங்கிவந்த வெல்லப் பொட்டலமும் அத்தையின் முகத்தில்தான் சுற்றியிருந்தது.

ஊரில் எல்லாருக்கும் அது எங்கள் தம்பி என்று தெரியும். தெரிந்ததுதான் வினையாகிப் போனது. நடவு வரிசையில் ஒருத்தி, "இன்னாடி, புள்ளய எங்க ஒளிச்சி வச்சிக்கீற? எங்களுக்கும் காட்டேன்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அத்தை தலை நிமிராமல் நாற்றைப் பிரித்து ஊன்றிக்கொண்டே போனாள். அதைவிடப் பெரிய கொடுமை வீட்டில் காத்திருந்தது. அத்தையின் மாமியார் எங்கள் வாசலுக்கே வந்து அப்பாவிடம் கேட்டாள்.

"ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் அந்த லேகியம் வேல செய்தாம். உன் தங்கச்சி மூஞ்சிய வச்சே போட்டுக்கீறான். இவளுக்கு மட்டும் ஒண்ணுமில்ல. என் புள்ளைக்கு நான் வேற எடத்துல பொண்ணு பாக்கட்டுமா? நீயே சொல்லு நைனா."

அத்தை அந்த லேகியத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் சாப்பிட்டும் பயனில்லாமல் போனவள் என்று ஒரு பட்டம் அவள் தலையில் ஏறிவிட்டது. அவளுடைய முகத்தை எடுத்து அவளுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைத்தான் அவன்.

அப்போதும் அத்தை பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். அவளை அசைத்தது ஆவடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண்.

சித்திரை வெயிலில் வியர்த்து ஒழுக நடந்து வந்திருந்தாள். அத்தையின் வயதுதான் இருக்கும். கையில் அந்த நோட்டீஸ். ஸ்டூடியோவில் விசாரித்து, சென்னீர்குப்பம் என்று தெரிந்துகொண்டு, வழியெல்லாம் படத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். அன்று அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். சொம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நெஜமாவே இது துன்னுதான் பொறந்துச்சா? நானும் துன்னுகினுதான் கீறேன். வாந்தி வாந்தியா வருது. ஒடம்பு எரியுது. உட்டுடலாம்னு பாத்தேன். அப்பால உன் படத்தப் பாத்துட்டு, இந்த அக்காவும் கஷ்டப்பட்டுத்தான் பெத்திருக்கும்னு மறுபடியும் துன்ன ஆரம்பிச்சிட்டேன்."

அவள் உதடெல்லாம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. உள்ளே தூளியில் தம்பி சிணுங்கினான். அம்மா எழுந்து போய்த் தூக்கி வந்தாள்.

"இந்தப் புள்ளதான் அது. இவங்க பெத்தது. எங்க அண்ணன் புள்ள. எனக்குப் புள்ள கெடையாது. நீ அந்தக் கருமத்த இனிமே தொடாத, கண்ணு" என்றாள் அத்தை.

அந்தப் பெண் அழவில்லை. நோட்டீஸைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். "அப்போ அந்தாளு பொய்யா போட்டுக்கீறான்?" என்று சின்னக் குரலில் கேட்டாள். அவ்வளவு தூரம் நடந்து வந்தவளைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினோம். அவள் பஸ் ஏறியதும் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அண்ணி, கெளம்பு" என்றாள் அம்மாவிடம். நானும் கூடப் போனேன்.

லேகியக்காரன் மேசைக்குப் பின்னால் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். அத்தை நோட்டீஸை அவன் முன்னால் வைத்தாள்.

"இது யாருனு தெர்தா?"

அவன் படத்தையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தான். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "ஓ, நீதானா? நேர்லயும் லட்சணமாத்தான் இருக்க. உன் பேரையா போட்டேன்? ஊரைப் போட்டேனா? படம்தானே. ஸ்டூடியோக்காரர் கொடுத்தார். நாலு பேருக்கு நம்பிக்கை வரட்டும்னு போட்டது. உனக்கு அதுல என்ன குறைஞ்சு போச்சு?"

அம்மா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். "கொழந்த இல்லாத பொண்ண வச்சி கொழந்த பொறந்துச்சினு போட்டுக்கீறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"இல்லையா?" என்று அவன் அத்தையைப் பார்த்தான். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினான். "அப்ப இதை எடுத்துட்டுப் போ. ஒழுங்கா சாப்பிடு. நோட்டீஸ்ல போட்டது உண்மையாவே ஆகிடும்." பக்கத்தில் காத்திருந்த ஆள் ஒருவர் இதற்குச் சிரித்தார். வேட்டி சட்டையும் கைக்கடிகாரமுமாகப் படித்தவர் போலத்தான் இருந்தார்.

அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மாடிப்படி இறங்கும்போது அத்தையின் கை என் தோளை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது என்பதும் மறக்கவில்லை. அங்கிருந்து நேராக ஸ்டூடியோவுக்குப் போய்க் கேட்டோம். ஸ்டூடியோக்காரரோ, "நெகட்டிவ் என்னுதும்மா. வீட்டுக்குப் போங்க" என்று திரைக்குப் பின்னால் போய்விட்டார். இனி போடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் அது ஒரு முகம். கூலிக்காரி முகம். கேட்க ஆள் வரும் என்றே அவர்கள் நினைக்கவில்லை.

அந்த வாரமே டூரிங் கொட்டாயிலும் அத்தையின் படம் வந்துவிட்டது. ஊருக்கு வெளியே பொட்டலில் கூடாரம் அடித்த சினிமாக் கொட்டகை அது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் மண்ணால் ஒரு தடுப்பு. இடைவேளையில் திரையில் விளம்பரச் சிலைடு போடுவார்கள். மாமாவின் கம்பெனி ஆட்கள் பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மாமா யாரோடும் பேசாமல் சுருண்டு படுத்துக்கொண்டார். அத்தை அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு சாயங்கால ஆட்டத்துக்குக் கிளம்பினாள். நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

இடைவேளை மணி அடித்தது. முறுக்கும் கடலையும் விற்றுக்கொண்டு வந்தார்கள். திரையில் உரக்கடை வந்தது, டெய்லர் கடை வந்தது, சைக்கிள் கடை வந்தது. அப்புறம் அத்தை வந்தாள். கொட்டகை உயரத்துக்கு, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு.

பக்கத்தில் பார்த்தேன், அத்தை இல்லை. உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரைக்கு முன்னால் போய் எங்கள் பக்கம் திரும்பி நின்றாள். வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. எழுத்துகள் அவள் சேலையில் நெளிந்தன. ஆண்கள் பக்கத்திலிருந்து விசில் பறந்தது. "ஏய், தள்ளும்மே!" என்று ஒருவன் கத்தினான்.

"தள்ள மாட்டேன்" என்றாள் அத்தை. வயலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். "எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க. இந்தப் படத்துல கீற பொம்பள நான்தான். இந்தப் புள்ள எங்க அண்ணன் புள்ள. எனக்குப் புள்ள இல்ல. நான் அந்த லேகியத்தத் துன்னதே இல்ல. துன்ன பொண்ணு ஒண்ணு வாயெல்லாம் வெந்து போய் என் ஊட்டுக்கு வந்திச்சி. யார் ஊட்லயாவது வாங்கி வச்சிருந்தா குப்பையில கொட்டுங்க."

விசில் நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி எழுந்து, "சிலைட எடுங்கடா, பாவிங்களா!" என்று கத்தினாள். பிறகு பல குரல்கள். ஆபரேட்டர் பயந்துபோய் விளக்கையே அணைத்துவிட்டான். அம்மா இருட்டில் தட்டுத் தடுமாறி முன்னால் ஓடி அத்தையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் மீதிப் படம் பார்க்கவில்லை.

நல்லது நடந்தது என்று எழுத ஆசைதான். சிலைடை எடுத்துவிட்டார்கள், அது உண்மை. லேகியக்காரனின் மாடிப்படியில் கூட்டம் குறைந்தது. மழைக்காலத்துக்கு முன்பே போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். வேறு ஊரில் வேறு யாருடைய முகத்தையோ வைத்துக் கடை திறந்திருப்பான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்வியெல்லாம் அத்தைக்குத்தான் வந்தது. கொட்டாயில் ஆண்கள் முன்னால் ஏறி நின்று பேசுகிற பொம்பளை என்ன பொம்பளை? தனக்குப் பிள்ளை இல்லை என்று தானே தமுக்கு அடிப்பாளா? பொய் சொன்னவனுக்கு ஊர் பெயர் எதுவும் வைக்கவில்லை. உண்மையைச் சொன்னவளுக்கு 'கொட்டாய்க்காரி' என்று வைத்தது.

மாமாவும் அவளோடு பேசாமல்தான் இருந்தார். ஒரு நாள் மாமியார் பெண் பார்க்கப் போன இடத்திலிருந்து வெற்றிலைத் தட்டோடு திரும்பி வந்தாள். மாமா தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "இவ நிக்க வச்சி கேட்டா. நான் படுத்துகினு கெடந்தேன். எனக்கு இன்னொருத்தி ஒண்ணுதான் கொறச்சல்" என்றாராம். அதன் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. அவர்களுக்குக் குழந்தை பிறக்கவும் இல்லை. மாமா போய் இப்போது சில வருடங்களாகின்றன. அத்தை மண்ணூர்பேட்டையில் என் தம்பியின் வீட்டில் இருக்கிறாள்.

சென்ற வருடம் திருவேற்காடு போகும் சாலையில் ஒரு காபிக்கடை திறந்தார்கள். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்த தெற்கத்திப் பையன் ஒருவன் நடத்துகிறான். உள்ளே சுவர் முழுக்கப் பழைய நோட்டீஸ்களைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தான். பம்புசெட்டு, விதைக்கடை, ஜவுளி. காபியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அத்தை. என் உயரத்துக்கு மேல். அவள் பக்கத்தில் இரண்டு பெண்கள் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "புத்திர பாக்கியமாம்!" என்று படித்துச் சிரித்தார்கள்.

காபி என் கையிலேயே ஆறிவிட்டது. பையனைக் கூப்பிட்டேன். "இதைக் கழற்றுங்க."

"ஏன் ஆன்ட்டி? ஒரு பழைய பேப்பர் கடையில கிடைச்சது. எல்லாருக்கும் பிடிச்சதே இதுதான். அந்தக் காலத்து இன்னொசன்ஸ் அப்படியே தெரியுது பாருங்க."

"இவங்க எங்க அத்தை. உயிரோட இருக்காங்க" என்றேன். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், செல்ஃபி எடுத்த பெண்கள் போனைக் கீழே இறக்கிவிட்டார்கள். பையன் முகம் வெளிறிப் போனது. சாரி, சாரி என்றான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அத்தையின் கண்கள் மேல் ஒரு காபிக் கோப்பை ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறான்! இனி பார்க்கிறவர்களுக்கு அது யாரென்று தெரியாதாம். சுவரைச் சுரண்டினால் பெயின்ட் போய்விடுமாம்.

தம்பிக்குப் போன் செய்தேன். காதோரம் நரைத்துவிட்ட அந்த மொட்டைப் பிள்ளை அத்தையையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினான். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன், அவளே கிளம்பிவிட்டாளாம். ஸ்டிக்கர் ஒட்டிய தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கண்ண மூடிட்டா நான் இல்லாம பூடுவேனா?" என்று கேட்டாள்.

ஏணி கொண்டுவரச் சொல்லித் தம்பியே ஏறி மூலையில் நகத்தைக் கொடுத்து இழுத்தான். வினைல் தாள் பட்டை பட்டையாக, பெயின்ட்டோடு உரிந்து வந்தது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து கடைசிப் பட்டை வரும் வரை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் என் பக்கத்து ஃப்ளாட் பெண் போனை நீட்டினாள். "உங்க அத்தை சூப்பர் ஆன்ட்டி!" காபிக்கடையின் இணையப் பக்கத்தில் அத்தை. நாற்காலியில், வாயை லேசாகத் திறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு, வீட்டில் கட்டுகிற நைந்த சேலையில். அந்தப் பையன் எப்போது படம் எடுத்தான் என்றே எங்களுக்குத் தெரியாது. மேலே 'சிங்கப் பாட்டி' என்று தலைப்பு. கீழே அவள் கதை முழுவதும், குழந்தை இல்லை என்பது உட்பட. கடைசி வரியில் கடையின் முகவரி, வார இறுதிச் சலுகை.

அவனைப் போனில் பிடித்து நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. "பாராட்டித்தானே ஆன்ட்டி போட்டேன்" என்றான். பாராட்டோ பழிப்போ, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க இவர்களுக்கெல்லாம் என்ன தடுக்கிறது? பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் போனை வைக்காமல் நின்ற பிறகுதான் பக்கத்திலிருந்து அதை நீக்கினான். அதற்குள் யார் யாரோ அதை எடுத்து வேறு எங்கெங்கோ போட்டுவிட்டார்கள்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனில் தன் படத்தைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா நல்ல பொடவையா கட்டிகினு வந்திருப்பேன் இல்ல?" என்றாள்.

தம்பி மனைவி சிரித்துவிட்டாள். அத்தையும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.